செவ்வந்தியா, டிசம்பர் பூவா? வேலூர் வெயிலுக்கு எது சரி?

இரண்டுமே பல வருடம் இருக்கும் செடிகள். இரண்டும் வருடக் கடைசியில்தான் பூக்கும். ஆனால் வேலூரில் பூக்காலத்தை விட கோடைதான் பெரிய சோதனை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது டிசம்பர் பூச்செடி இலை வாடி நின்றாலும், தண்ணீர் ஊற்றினால் எழுந்துவிடும். செவ்வந்தி அப்படியில்லை. தொட்டியை நிழலுக்கு மாற்ற வேண்டும், மண் காயவும் கூடாது, சொதசொதவென்று இருக்கவும் கூடாது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். செம்மண்ணோடு மணலும் மக்கிய சாணமும் தாராளமாகக் கலப்பது அதற்காகத்தான்.

செவ்வந்தி நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ள வேண்டும். கிளை பெருகும், பூவும் பெருகும். இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் என்பதால் தெருவிளக்கு வெளிச்சம் விழும் மாடியில் வைக்காதீர்கள். செடி செழிப்பாக இருக்கும், பூ தள்ளிப்போகும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வேறு மொய்க்கும், வேப்பெண்ணெய் கரைசல் தயாராக இருக்கட்டும். பூ முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டால் அடியிலிருந்து வரும் பக்கக் கன்றுகளே அடுத்த வருட நாற்று.

டிசம்பர் பூவுக்கு மழைக்காலத்தில் ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும். பூத்து ஓய்ந்ததும் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. அவ்வளவுதான். வாசனை கிடையாது, பறித்த பூ சீக்கிரம் வாடும்.

சாமிக்கு மாலை கட்ட வேண்டுமென்றால் செவ்வந்திக்கு மெனக்கெடலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் டிசம்பர் பூவையே வையுங்கள், தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லிவிட்டு.