12,400 ரூபாயும் போச்சு, 72 மணி நேரமும் போச்சு: எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆத்திரத்துல டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பேர் எதுவும் சொல்லப்போறதில்ல, என்னோடதும் சரி, அவங்களோடதும் சரி. செயலியில புக் பண்ணினா வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போற லேப். அந்த வகையறா நிறைய இருக்கு, எதுன்னு துருவாதீங்க. கடைசியில ஏழு விஷயம் சொல்றேன், அதையாவது படிச்சுட்டுப் போங்க.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி, பதினோரு மணி இருக்கும், காண்டம் கிழிஞ்சுடுச்சு. யாரோட, எங்கேங்கறது உங்களுக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை முழுக்க போனும் கையுமா கிடந்தேன். கழுத்துல கட்டி தட்டுப்படுதான்னு தடவித் தடவி, தடவின இடமே வலிக்க ஆரம்பிச்சுது. தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்து மணிக்கு ஒருதரம் வாயில வெச்சேன். 98.4, 98.8, 98.6. ஒரே நாள்ல எந்த அறிகுறியும் வராது, வந்தாலும் ரெண்டு நாலு வாரம் கழிச்சுத்தான்னு இப்ப தெரியும். அன்னைக்குத் தெரிஞ்சிருந்தாலும் தடவியிருப்பேன்.

அந்த ராத்திரி ரெண்டு மணிக்கு விளம்பரம் வந்துது. "ரகசியம் காக்கப்படும், மூணே நாள்ல முழு நிம்மதி." திங்கள் காலையில ஆபீஸ் மாடிப்படியில நின்னு கூப்பிட்டேன். எடுத்த பொண்ணு கவுன்சலர்னு சொல்லிக்கிச்சு. குரல் அவ்வளவு இதமா இருந்துது. "அண்ணா, முதல்ல தண்ணி குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்"னு சொல்லிச்சு. ரெண்டு நாளா என்கிட்ட யாரும் அப்படிப் பேசல, நானும் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. அங்கேயே விழுந்துட்டேன்.

இத்தனைக்கும் நான் கேட்டேன். "எச்.ஐ.வி. தொத்தாம தடுக்க 72 மணி நேரத்துக்குள்ள ஒரு மாத்திரை ஆரம்பிக்கணுமாமே?" அதுக்கு வந்த பதில்: "அது நர்ஸுங்க, டாக்டருங்களுக்கு ஊசி குத்திட்டா குடுக்கறதுண்ணா. சைடு எஃபெக்ட் ஜாஸ்தி. நீங்க எதுக்குக் கண்ட மருந்தைச் சாப்பிடணும்? நம்ம பி.சி.ஆர். பேக்கேஜ் எடுங்க, மூணாவது நாள்லயே நூறு சதவீதம் தெரிஞ்சுடும்." பி.சி.ஆர்.னா ரத்தத்துல வைரஸையே நேரடியா தேடற டெஸ்ட். 12,400 ரூபாய். லைன்ல இருக்கும்போதே யு.பி.ஐ.யில அனுப்பினேன். அனுப்பினதும் மூச்சு விட்ட மாதிரி இருந்துது, அதையும் சொல்லிடறேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஒரு பையன் வந்தான். வாசப்படியில நின்னே, "எச்.ஐ.வி. டெஸ்ட் நீங்கதானேங்ணா?"ன்னு கேட்டான். கீழ்ப்போர்ஷன் அம்மா கோலம் போட்டுட்டிருந்தாங்க. இதுதான் அவங்க காத்த ரகசியம். மூணு ட்யூப் எடுத்தான். ஊதா மூடி ட்யூப்ல ஏற்கெனவே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மேலயே இன்னொன்னைக் கோணலா ஒட்டி, கட்டைவிரலால தேச்சான். அடியில பழைய பார்கோடு ஓரம் எட்டிப்பாத்துது. கேட்டதுக்கு "பிரிண்ட் சரியில்லீங்ணா"ன்னான். கையெழுத்து எதுவும் வாங்கல. 2017 எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் வாங்காம இந்த டெஸ்ட் எடுக்கவே கூடாதுன்னு பின்னால படிச்சேன். அந்த நேரத்துக்கு 56 மணி நேரம்தான் ஆகியிருந்துது. இன்னும் பதினாறு மணி நேரம் கையில இருந்துது. டெஸ்ட் எடுத்தாச்சேன்னு நான் நிம்மதியா வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை ராத்திரி ரிப்போர்ட். பி.சி.ஆர்.ல வைரஸ் இல்ல, கார்டு டெஸ்ட் 'நான்-ரியாக்டிவ்', அதாவது நெகட்டிவ். சிடி4ங்கற நோய் எதிர்ப்பு அணுக்களோட எண்ணிக்கையும் போட்டிருந்தாங்க. தொற்று இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க அது உதவாது. எனக்கு வயசு 29, ரிப்போர்ட்ல 47. பக்கத்தோட அடியில எறும்பு சைஸ் எழுத்துல ஒரு வரி: புதுத் தொற்றைத் தொடக்கத்துல இந்த முடிவு காட்டாது, மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கவும். நூறு சதவீதம்னு சொன்ன டெஸ்ட் தானே தன்னை நம்பாதேங்குது! 12,400 குடுத்து உருப்படியா தெரிஞ்சது எனக்கு விட்டமின் டி கம்மிங்கறது ஒண்ணுதான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போனேன், எச்.ஐ.வி.க்கு ஆலோசனை சொல்லி டெஸ்ட் எடுக்கற இடம். மாஸ்க், தொப்பி சகிதமா. அங்க இருந்த அக்கா நிமிர்ந்து பாத்து, "உக்காருங்க தம்பி, எப்ப நடந்துச்சு?"ன்னாங்க. சனிக்கிழமை ராத்திரின்னேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு விரல் விட்டு எண்ணினாங்க. மூணாவது விரல்ல நிறுத்திட்டு, "செவ்வாய் ராத்திரியோட முடிஞ்சுபோச்சே தம்பி. திங்கக்கிழமை வந்திருந்தா கையோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேனே"ன்னாங்க. அந்த விரல் இன்னும் கண்ணுல நிக்குது.

அவங்க விளக்கினதை அப்படியே எழுதறேன். வைரஸ் உள்ள போயிருந்தாலும் முதல் பத்து நாளுக்கு ரத்தத்துல எந்த டெஸ்ட்டும் அதைக் காட்டாது, பி.சி.ஆர். மாதிரி விலை கூடினதும் சேர்த்துத்தான். அந்த வகை டெஸ்ட்டே 10லேருந்து 33 நாளுக்குள்ளதான் பிடிக்க ஆரம்பிக்கும். நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல ஆன்டிஜென் (வைரஸோட புரதம்), ஆன்டிபாடி (அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கறது) ரெண்டையும் சேர்த்துப் பாக்கறதுக்கு 18லேருந்து 45 நாள். விரல்ல குத்தி ஆன்டிபாடி மட்டும் பாக்கற கார்டுக்கு 23லேருந்து 90 நாள். ரெண்டாவது மூணாவது நாள் எடுக்கற டெஸ்ட், உனக்கு முன்னாடியே இருந்துதாங்கறதைத்தான் சொல்லும். அந்தச் சனிக்கிழமையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது.

மாத்திரை அப்படியில்ல. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் சேர்ந்தது, தினம் ஒண்ணு, 28 நாள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி தாண்டினா குடுக்கறதில்ல. டாக்டர் சீட்டோட வெளியில வாங்கியிருந்தாகூட நான் கட்டினதுல பாதி ஆகியிருக்காது. வைரஸ் உள்ள பொண்ணோட யோனி வழி உறவுலயே ஒரு தடவைக்கு ஆம்பளைக்கு வர வாய்ப்பு பத்தாயிரத்துக்கு நாலு வாக்குலதான்னு அக்கா தைரியம் சொன்னாங்க. அந்த நாலுல நான் ஒருத்தனாங்கறதுதானே என் பிரச்சினை?

அங்கேயும் ரத்தம் எடுத்தாங்க. கையெழுத்து வாங்கிட்டு, பேருக்குப் பதிலா நம்பர் போட்டாங்க. காசு ஒரு பைசா இல்ல. ஒருவேளை ரியாக்டிவ்னு வந்தாலும் ஒரே கிட்டை நம்பமாட்டாங்களாம், மூணு வேற வேற கிட்ல பாத்துத்தான் சொல்லுவாங்களாம். அக்கம்பக்கம் பாத்துடுவாங்கன்னு பயந்து இந்த இடத்தை விட்டுட்டுத்தான் 12,400 கட்டினேன். முகத்தை மறைச்சுக்கக் குடுத்த காசு அது.

சனிக்கிழமையிலேருந்து அந்த லேப்போட மல்லுக்கட்டறேன். முதல்ல சாட்ல ஒருத்தர், "சிரமத்திற்கு வருந்துகிறோம்." டிக்கெட் போட்டிருக்காங்களாம், 48 மணி நேரம். அது முடிஞ்சதும் இன்னொரு டிக்கெட், இன்னொரு 48. வயசு தப்பா இருக்கே, அது என் ரத்தம்தானான்னு கேட்டா, திருத்தின பி.டி.எஃப். ஒண்ணு வந்துது, 47 இருந்த இடத்துல 29, மத்ததெல்லாம் அப்படியே. நான் கேட்டது அதுவா? ஒருத்தர், "ரிப்போர்ட் நெகட்டிவ்தானே சார் வந்திருக்கு, சந்தோஷப்படுங்க"ன்னார். சாம்பிள் பிராசஸ் ஆயிட்டதால ரீஃபண்ட் கிடையாதாம். வேணும்னா மூணு மாசம் கழிச்சு எடுக்கப்போற டெஸ்ட்டுக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருவாங்களாம்! அன்னைக்குப் பேசின கவுன்சலர் மேடத்தைக் குடுங்கன்னு நேத்து கத்தினேன். "அவங்க சேல்ஸ் டீம் சார்."

சேல்ஸ். தண்ணி குடிங்கண்ணான்னு சொன்னது சேல்ஸ். 12,400 திரும்பி வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா என் பேரோட போகணும், இதை எதுக்குன்னு வீட்டுல சொல்லிட்டுப் போறது? அவங்களுக்கும் அது தெரியும். இந்த விஷயத்துல ஏமாந்தவன் சத்தம் போடமாட்டாங்கற தைரியத்துலதான் இந்த வியாபாரமே நடக்குது.

ஏழு விஷயம்னு சொன்னேன், இப்ப மண்டையில இவ்வளவுதான் நிக்குது. 72 மணிக்குள்ள இருக்கீங்கன்னா டெஸ்ட்டைத் தேடாதீங்க, டாக்டரைத் தேடுங்க, ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. மருந்து குடுக்கற இடம்) இருக்கற அரசு ஆஸ்பத்திரி நல்லது, ராத்திரின்னா அவசரப் பிரிவு. எய்ட்ஸ் உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்க, இலவசம். மூணு நாள்ல நூறு சதவீதம்னு எவன் சொன்னாலும் போனை வெச்சுடுங்க. ட்யூப்ல உங்க பேர், வயசு சரியா இருக்கான்னு பாக்காம கையை நீட்டாதீங்க.

மீதி அப்புறம். இன்னைக்குப் பதிமூணாவது நாள். ஆறு வாரத்துல ஒருதரம், மூணு மாசத்துல ஒருதரம் வரச் சொல்லியிருக்காங்க அக்கா. தெர்மாமீட்டரை ரூம்மேட்கிட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டேன். எதுக்குன்னு அவன் கேக்கல.