வார்த்தை கேட்கிற பாக்: நெதர்லாந்து பாக் சங்கத்தின் இலவச வீடியோக்கள்

எங்கள் சபைக் கொயரில் 31 வருடமாக பேஸ், அதாவது கீழ்க்குரல், பாடுகிறேன். லுத்தரன் சபை, மயிலாடுதுறைப் பக்கம். பெரிய வெள்ளி என்றால் "இரத்தம் காயம் குத்தும் நிறைந்து" இல்லாமல் எங்களுக்கு ஆராதனை முடியாது. அந்த மெட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மத்தேயு பேஷனில் (மத்தேயு சுவிசேஷத்தின் பாடுகளின் சரித்திரத்தைப் பாட்டாக்கிய படைப்பு) ஐந்து இடத்தில் வருகிறது என்று எனக்குச் சொன்னவர் எங்கள் பழைய கொயர் மாஸ்டர். சொன்னதோடு விடாமல் வீட்டுக்குக் கூப்பிட்டு கேசட்டும் போட்டார். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, பெருங்கூட்டமாய்ப் பாடகர்கள். மலை நகர்ந்து வருவதுபோல் இருந்தது. பயபக்தி வந்தது, உண்மை. ஆனால் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஜெர்மன் தெரியாததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அது மட்டும் காரணமில்லை என்று தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தெரியவைத்தது 'ஆல் ஆஃப் பாக்'. பாக் எழுதிய அத்தனையையும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை, ஒவ்வொன்றாக வீடியோவில் பதிவு செய்து, யாரும் எப்போதும் இலவசமாகக் கேட்கும்படி வெளியிடுகிற திட்டம். நடத்துவது நெதர்லாந்து பாக் சங்கம். 2021இல் வந்த தங்கள் நூற்றாண்டை ஒட்டி இதைக் கையில் எடுத்தார்கள், இன்னும் தொடர்கிறது. அவர்களுடைய வலைத்தளத்திலும் யூடியூபிலும் கிடைக்கிறது. மூன்று வருடமாகக் கிட்டத்தட்ட தினமும் கேட்கிறேன். பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்கு மேல், மகள் வாங்கிக் கொடுத்த ஹெட்போனில்.

முதலில் இந்தச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம். 1921இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஆம்ஸ்டர்டாம் கச்சேரி மண்டபத்தில் மெங்கல்பெர்க் என்ற இசைக்குழு நடத்துநர் மத்தேயு பேஷனை மிகப் பெரிய கொயரோடு, ஏகப்பட்ட உணர்ச்சிக் கொந்தளிப்போடு நடத்திவந்தார். பாடுகளின் சரித்திரம் கோவிலில் பாடப்பட வேண்டியது, அதைக் கோவிலுக்கே திரும்பக் கொண்டுபோவோம் என்று சிலர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் இது. நார்டன் என்ற பழைய கோட்டை ஊரில் உள்ள பெரிய கோவிலில் 1922 முதல் மத்தேயு பேஷன் பாடிவருகிறார்கள். பெரிய வெள்ளியை ஒட்டி அங்கே போய்க் கேட்பது டச்சுக்காரர்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1983இல் யோஸ் ஃபான் வெல்தோவன் சங்கத்தின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்று 2018 வரை இருந்தார். சங்கத்தின் பாட்டு இன்று நம் காதுக்குக் கேட்கிற விதம் பெரிதும் அவர் காலத்தில் அமைந்தது: பழைய வாத்தியங்கள், சிறிய கொயர், வசனத்தை முன்னால் நிறுத்துகிற பாட்டு.

'பழைய முறை' என்றால் என்ன என்பதற்கு ஒரு உதாரணம். எங்கள் கோவில் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது இல்லையா, அதில் ஒன்றைக் குறையுங்கள். இந்த வீடியோக்களின் ஸ்ருதி கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. இன்றைய ஆர்க்கெஸ்ட்ராவில் ஏ சுரம் நொடிக்கு 440 அதிர்வு. இவர்களுக்கு 415, அதாவது ஒரு அரைச்சுரம் கீழே. படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். சோப்ரானோவை, அதாவது மிக உயர்ந்த குரலைக் கேட்டுப் பாருங்கள். மேல் சுரத்தில் கத்த வேண்டிய கட்டாயம் இல்லாததால் வாய் வார்த்தைக்காகத் திறக்கிறது. வயலினில் உலோகக் கம்பி இல்லை, குடல் நரம்பு. அதனால் சத்தம் குறைவு, ஆனால் தொடக்கம் பேச்சு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு மெய்யெழுத்து இருப்பதுபோல. ட்ரம்பெட்டில் வால்வு கிடையாது. நீளமான குழாய், மற்றதெல்லாம் உதடு. ஓபோ குடும்பத்தில் ஒன்று, ஓபோ த கச்சா, வளைந்த உடம்பும் தோல் உறையும் பித்தளை வாயுமாக இருக்கும். குரல் ஒருவகையில் கம்மியது. வீடியோ என்பதால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கேட்கலாம். சிடியில் எனக்குக் கிடைக்காத லாபம் இது.

எத்தனை பேர் பாட வேண்டும் என்பது பெரிய சண்டை. 1730இல், தான் வேலை பார்த்த லைப்சிக் நகரத்தின் சபைக்கு பாக் எழுதிய மனுவில் ஒரு கொயருக்கு 12 பேராவது வேண்டும், 16 பேர் இருந்தால் இன்னும் நல்லது என்று கேட்கிறார். அந்த எண்ணிக்கை ஒரே நேரத்தில் பாடுவதற்கா, அல்லது நோயாளிகளையும் மாற்றாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பட்டியலா? 1981இல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற இசையறிஞர் ஒரு குரலுக்கு ஒருவர்தான் என்று வாதாடினார். அன்றைக்குப் பிடித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நெதர்லாந்துக்காரர்கள் நடுவில் நிற்கிறார்கள். தனிப்பாட்டு பாடுகிறவர்களே கொயரிலும் நின்று பாடுகிறார்கள், பக்கத்தில் சிலர் சேர்ந்துகொள்கிறார்கள். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. தனியாகப் பாடியவர் உட்கார்ந்துவிடாமல் அடுத்த ஞானப்பாட்டில் சபையோடு சபையாக நிற்கும்போது பாட்டின் பொருளே மாறுகிறது.

எல்லாமே பாக் காலத்தைப் போல் என்று சொல்ல மாட்டேன். லைப்சிக் கோவிலில் பெண்கள் பாடவில்லை. மேல்குரல்களைப் பாடியவர்கள் பள்ளிப் பையன்கள். அன்று பையன்களுக்குக் குரல் உடைவதே பிந்தித்தான், அதனால் பல வருடம் பழகின முதிர்ந்த சோப்ரானோ கிடைத்தது. இன்று அப்படிப்பட்ட பையன் எங்கே? பெரும்பாலும் பெண்கள் பாடுகிறார்கள். நல்ல தீர்மானம் என்றே நினைக்கிறேன். மூச்சும் பக்குவமும் இருக்கிறவர் பாடட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? பாடகர் குழுவில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் அனுப்புவது 106ஆம் எண் கன்டாட்டா (குரலும் வாத்தியமும் சேர்ந்த, பல பகுதிகள் கொண்ட பாடல்), ஆக்டுஸ் ட்ராகிகுஸ். 20 நிமிடம்தான். 1707 அல்லது 1708இல், மியூல்ஹவுசன் ஊரில், ஒரு அடக்க ஆராதனைக்கு என்று கருதப்படுகிற படைப்பு. பாக்குக்கு அப்போது 22 வயது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்துக்கொண்டிருந்த வருடங்கள் இவை. எங்கள் சபைச் சரித்திரமும் அந்தப் பாட்டும் ஒரே வயது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அதில் வயலினே கிடையாது. ரெக்கார்டர் என்கிற மரக்குழல் இரண்டு, முழங்காலுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிக்கிற இரண்டு வியோலா த காம்பா, அடியில் ஆர்கன். காம்பாவுக்கு வீணையைப் போல விரல் வைக்கிற மெட்டுகள் உண்டு. அவையும் கழுத்தைச் சுற்றிக் குடல் நரம்பால் கட்டியவை. நவீன வாத்தியங்களில் இதை வாசித்த ஒரு பழைய பதிவு என்னிடம் இருந்தது. அதில் ரெக்கார்டர் இடத்தில் புல்லாங்குழல், காம்பா இடத்தில் செல்லோ. அழகாகத்தான் இருந்தது, ஆனால் துக்கவீட்டுச் சத்தம் அதில் இல்லை. இந்த ரெக்கார்டர்கள் மூச்சு வாங்குவது கேட்கிறது.

நடுவில் ஒரு இடம் வரும். ஆல்ட்டோ, டெனர், பேஸ் மூவரும் "மனிதனே, நீ சாகத்தான் வேண்டும்" என்று பழைய ஏற்பாட்டின் கட்டளையை ஒருவர் பின் ஒருவராக, விடாமல் அடுக்குகிறார்கள். மேலே சோப்ரானோ தனியாக, "ஆம், கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்து வார்த்தை. ரெக்கார்டர்கள் வார்த்தையில்லாமல் ஒரு ஞானப்பாட்டு மெட்டை வாசிக்கின்றன. அதைத் தெரிந்த சபைக்கு வரிகள் மனதுக்குள்ளேயே ஓடும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று. நூறு பேர் பாடினால் குழம்பிவிடும். இங்கே ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அப்புறம் கீழே இருக்கிற குரல்கள் நிற்கின்றன. வாத்தியங்கள் நிற்கின்றன. அடியில் இருந்த பேஸும் நிற்கிறது. சோப்ரானோ மட்டும், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல், இயேசுவின் பெயரைச் சொல்லி அடங்குகிறது. பாக் அதற்குப் பிறகு ஒரு மௌனத்தை எழுதி, அதன் தலையில் நீட்டல் குறியும் போட்டிருக்கிறார். அந்த மௌனத்தைக் கேட்பதற்காகவே ஹெட்போன் போடுங்கள். அப்பா இறந்த வருடம் இந்த 20 நிமிடத்தை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

மத்தேயு பேஷனுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வேண்டும். ஒரே மூச்சில் கேட்கத் தேவையில்லை. பாக் காலத்திலேயே நடுவில் பிரசங்கம் இருந்தது; நீங்களும் முதல் பகுதி முடிந்ததும் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆனால் இரண்டாம் பகுதியில் ஒரு தொடர்ச்சியை மட்டும் உடைக்காதீர்கள். "என்ன பொல்லாப்புச் செய்தான்?" என்று பிலாத்து கேட்கிறான். பதிலாக சோப்ரானோ, "அன்பினால் என் இரட்சகர் சாகிறார்" என்று பாடுகிறது. கூட ஒரு புல்லாங்குழல், இரண்டு ஓபோ த கச்சா. ஆர்கன் இல்லை, செல்லோ இல்லை, கீழே பேஸே இல்லை. தம்புராவை நிறுத்திவிட்டுப் பாடுவதுபோல், தரையில் கால் படாத பாட்டு. அது முடிந்த கையோடு, "அவனைச் சிலுவையில் அறையும்" என்று மொத்தக் கூட்டமும் இரைகிறது. நவீன ஓபோவில் அந்தத் தனிப்பாட்டைக் கேட்டால் வழவழவென்று போய்விடும். கச்சாவின் அந்த அடைத்த குரல்தான் அதற்கு வலி கொடுக்கிறது.

நம்முடைய மெட்டுக்கு வருகிறேன். முதலில் ஆறுதலாக வருகிறது. கொஞ்சம் தள்ளி அதே ஒத்திசைவோடு, அரைச்சுரம் கீழே. முள்முடி வைத்தபின் இரண்டு சரணமாக. கடைசியாக, இயேசு ஜீவனை விட்டார் என்று, கதையைச் சொல்லிப் பாடுகிற சுவிசேஷகன் சொன்ன உடனே. மெட்டு மாறவில்லை. அடிக்குரல்கள் மட்டும் போகாத வழியெல்லாம் போகின்றன. பேஸ் அரைச்சுரம் அரைச்சுரமாக இடறுகிறது. இங்கே ஃபான் வெல்தோவன் அதைப் பெரிதாக்கவில்லை, இழுக்கவில்லை. சபையார் தாழ்ந்த குரலில் ஜெபிப்பதுபோல விட்டுவிடுகிறார். பழைய முறைக் குழுக்கள் பொதுவாக ஞானப்பாட்டுகளைக் கொஞ்சம் விறுவிறுவென்று பாடும். என் காதுக்குச் சில இடத்தில் இன்னும் ஒரு மூச்சு விட்டிருக்கலாம் என்று தோன்றும். இந்த ஒன்றில் தோன்றவே இல்லை.

பாடல் வரிகள் வலைத்தளத்தில் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. நான் தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 26, 27ஐ மடியில் விரித்து வைத்துக்கொள்வேன். லூத்தரின் வசனம் வரி வரியாக ஓடுவதால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எளிதாகப் பிடித்துவிடலாம். பல வீடியோக்களோடு நடத்துநரோ வாசிப்பவரோ பேசுகிற ஒரு சின்னப் பேட்டியும் உண்டு. அவற்றை முதலில் பார்க்காதீர்கள். பாட்டைக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

சென்ற தபசுகாலத்தில் எங்கள் கொயரில் ஒன்று செய்து பார்த்தோம். வழக்கமாக 40 பேர், பின்னால் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ், டிரம் பேட். "இரத்தம் காயம்" பாட்டுக்கு மட்டும் 12 பேர், குரலுக்கு மூவர். கீபோர்டில் ஆர்கன் ஒலி மட்டும், ட்ரான்ஸ்போஸ் ஒன்று கீழே. மைக்கை அணைத்துவிட்டோம். முதல் ஒத்திகையில் டெனர்காரர்கள் கூச்சப்பட்டார்கள், ஒளிந்துகொள்ள கூட்டம் இல்லையே. மூன்றாவது ஒத்திகையில் ஆல்ட்டோ பாடுகிற டீச்சர் பாதியில் நிறுத்தி, "அண்ணே, 'லச்சை'ன்னு ஒரு வார்த்தை இதுல இருந்ததே எனக்கு இன்னிக்குத்தான் கேக்குது" என்றார். பப்ரிஷியஸ் ஐயர் மொழிபெயர்த்த வார்த்தை, சின்ன வயதிலிருந்து அவர் பாடிவந்ததுதான்.

பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. முடிந்தவர்கள் அவர்கள் வலைத்தளம் வழியாக நன்கொடை கொடுக்கலாம். ஒரு நல்ல ஹெட்போனும் ஒரு அமைதியான மணி நேரமும் தேடிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் காம்பாவின் அடிச்சுரம் காணாமலே போய்விடும். பெரிய வெள்ளிக்கு முன் 106, அந்த வாரம் மத்தேயு. ஈஸ்டர் காலையில் 4ஆம் எண் கன்டாட்டா: லூத்தரின் உயிர்த்தெழுதல் பாட்டு, ஏழு சரணமும், ஒவ்வொன்றிலும் அதே மெட்டு வேறு உடுப்பில்.