மழையில் நனைந்து நின்ற வண்டி: 14 பருவமழைகளும் என் 125 சிசி பைக்கும்

2011 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு எடுத்த வண்டி. 125 சிசி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்பரேட்டர், செல்ஃபும் உண்டு, கிக்கரும் உண்டு. சென்னைப் புறநகரில் முடிச்சூரிலிருந்து மேடவாக்கத்துக்கு வேலைக்குப் போய்வர இன்றைக்கும் இதுதான். மீட்டர் 1,08,000 கி.மீ. தாண்டிவிட்டது. மைலேஜ், பிக்கப், சீட்டு சுகம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது மழையைப் பற்றி மட்டும்.

மழை நேரத்தில் இந்த வண்டி என்னை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது, வீட்டு வாசலிலும் நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "நனைஞ்சிருக்கும், நல்லா உதைச்சுப் பாருங்க." பாதி நேரம் அது வீண். மீதி நேரம் அதுவே இன்ஜினைக் கொன்றுவிடும். தண்ணீர் வண்டியின் மேலே பட்டதா, இன்ஜினுக்கு உள்ளே போனதா என்று தெரியாமல் கிக்கரில் கால் வைக்கவே கூடாது. இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு மழைக்காலம் ஆனது.

முதல் பாடம் 2012-இல். நீலம் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறிப் போன அடுத்த வாரம். இரவு எட்டு மணி இருக்கும். ராஜகீழ்ப்பாக்கம் அருகே வந்துகொண்டிருந்த வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ரோட்டில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை, வெறும் மழைதான். செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இருபது முறையாவது உதைத்திருப்பேன். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உதைக்காதீங்க. உதைக்க உதைக்க பிளக்குதான் நனையும். உள்ள தள்ளுங்க."

கடை லைட்டை அணைத்தார். "இப்ப மெதுவா ஒரு அடி அடிங்க. கண்ணு பிளக் மேல இருக்கட்டும்."

அடித்தேன். பிளக்கின் தலையில் ஒயரோடு மாட்டியிருக்கும் கேப்புக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே, ஈரத்தின் மேலேயே, நீல நிறத்தில் நூலிழை மாதிரி ஒன்று நெளிந்து மறைந்தது. கூடவே 'சிட்' என்று ஒரு மெல்லிய சத்தம். இன்னொரு அடி, இன்னொரு இழை. பகலாக இருந்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

"பாத்தீங்களா? கரண்ட் வருது. ஆனா உள்ள போகல, வெளியிலேயே எறங்கிடுது."

பிளக்குக்குப் போகும் கரண்ட் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலே. பிளக் முனையில் இருக்கிற முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி, அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவையைப் பற்றவைக்க அவ்வளவு வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று கிடைத்தால் அதில் போய்விடும். கேப்பின் மேல் படிந்த ரோட்டுத் தூசி, சேறு, அதன் மேல் மழைநீர். அந்த ஈரப்பூச்சுதான் அந்தச் சுலபமான வழி.

என் வண்டியில் பிளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழியில் விழும் தண்ணீர் வடிய ஹெட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. ஒன்றே முக்கால் வருஷம் ஓட்டியும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை எடுத்து அந்தத் துளையில் விட்டுக் குத்தினார். முதலில் காய்ந்த சேறு உதிர்ந்தது, அதன் பின்னால் ஒரு மடக்குத் தண்ணீர் வழிந்தது. பிளக் அந்தத் தண்ணீரில்தான் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் பத்து நிமிஷ வேலை. பிளக்கைக் கழற்றும் முன் குழியைப் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்தார். இல்லாவிட்டால் கழற்றும்போது அந்த அழுக்குத் தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக் பெட்ரோலில் குளித்திருந்தது. அது என் இருபது உதையின் பலன். பெட்ரோல் டேப்பை மூடி, சாவியை அணைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிக்கொண்டு, பிளக் இல்லாமலே ஆறேழு முறை உதைக்கச் சொன்னார். உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியாக வெளியே வந்துவிடும். பிளக்கைத் துடைத்து, முனையில் உப்புத்தாளை லேசாக ஓட்டி மாட்டினார். கேப்பைத் திருகிக் கழற்றி ஒயரின் முனையைக் காட்டினார்: செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரிய மறுபடி திருகினார். இரண்டாவது அடியில் வண்டி பிடித்துக்கொண்டது. ஐம்பது ரூபாய் வாங்கினார். பிளக் கேப்பை மட்டும் மறக்காமல் மாற்றிவிடச் சொன்னார், அதன் ரப்பர் வாய் இறுகி விரிசல் விட்டிருந்தது.

மறுநாளே மாற்றினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் அந்தத் துளையைக் கம்பி விட்டுக் குத்துகிறேன். கேப்பின் ரப்பர் வாயில் உட்புறமாகக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன். மழையில் பிளக் நனைந்து இந்த வண்டி அதற்குப் பிறகு நின்றதே இல்லை. மழைக்கு முன்னால் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

2013-இல் வந்தது வேறு மாதிரி. ஸ்டார்ட் ஆகும், அரைக் கிலோமீட்டர் போகும், நிற்கும். கரண்ட் நன்றாக வருகிறது. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் திருகாணியைத் தளர்த்தி, வழிந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். வைத்த ஒரு நிமிஷத்தில் அடியில் தெளிவாக ஒரு கோடு தெரிந்தது. கீழே தண்ணீர், மேலே பெட்ரோல். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்திலும் இதே போல ஒரு வடிகால் துளை இருக்கிறது. அது அடைத்துக்கொண்டதால் மூடிக்கு அடியில் மழைநீர் தேங்கி, பெட்ரோல் போட மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே விழுந்திருக்கிறது. டேங்கை முழுக்க இறக்கிக் காயவைத்த பிறகுதான் சரியானது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் மோசம். கொஞ்சம் தண்ணீரை எத்தனால் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். கார்பரேட்டருக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான்.

2015 டிசம்பரைப் பற்றி எழுத எனக்கு இன்றும் கை தயங்குகிறது. டிசம்பர் 1-ஆம் தேதி பிடித்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் வந்தது. நாங்கள் மாடிக்குப் போனோம், வண்டியைக் கொண்டுபோக வழியில்லை. மேலிருந்து பார்க்கும்போது கைப்பிடியும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. அப்படியே இரண்டு நாள்.

தண்ணீர் வடிந்த அன்று பகலில் தெரு முழுக்க கிக்கர் உதைக்கும் சத்தம். எல்லோருக்கும் அவசரம், பால் வாங்க வேண்டும், உறவுக்காரர்களைப் பார்க்க வேண்டும். அடுத்த வீட்டுத் தம்பியின் வண்டியும் என்னுடைய அதே மாடல்தான். அவர் செல்ஃபை அழுத்தினார். 'டங்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பிஸ்டனைத் தாங்கி மேலும் கீழும் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. பிறகு இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க அவருக்குப் பதினோராயிரம் ஆனது, அதுவும் மெக்கானிக் கடைகளில் வரிசை நின்று ஒன்றரை மாதம் கழித்து.

ஏன் வளைகிறது? காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. 125 சிசி இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் அதன் மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 15 மில்லிதான், மூன்று தேக்கரண்டி. அந்த அளவுக்குத் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர இடமே இல்லை. செல்ஃப் மோட்டார் விடாமல் தள்ளும். வளைய வேண்டியது ராடுதான்.

அன்று நான் சாவியையே போடவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்து மெக்கானிக்கின் நம்பர் வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் லைன் கிடைத்தது. போனில் அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன். அடுத்து பிளக். பிளக் இல்லாமல் கையாலேயே கிக்கரை மெல்ல அழுத்தியபோது அந்த ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் என் முகம் வரை பீச்சியடித்தது. செல்ஃபை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் புரிந்தது. தண்ணீர் நின்று வெறும் காற்று வரும் வரை அழுத்தினேன். சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி மெல்ல அழுத்தினேன், துருப்பிடிக்காமல் இருக்க.

ஆயில் போல்ட்டைக் கழற்றினால் கருப்பாக எதுவும் வரவில்லை. பால் அதிகம் விட்ட டீயின் நிறத்தில் கொழகொழவென்று இறங்கியது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் இப்படித்தான் இருக்கும். மலிவான ஆயில் ஊற்றி, வண்டி ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிஷம் ஓடவிட்டு இறக்க வேண்டும், பிறகு நல்ல ஆயில். வண்டி பிடித்த பிறகு நான் இப்படி இரண்டு தடவை மலிவு ஆயிலில் கழுவினேன், இரண்டாவதிலும் லேசாக வெண்மை இருந்தது. ஸ்டார்ட் செய்யும் முன் டேங்க், கார்பரேட்டர், சைலன்சர் மூன்றையும் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். ஏர் ஃபில்டர் பேப்பர் கூழாகியிருந்தது, புதுசு மாற்றினேன். ஒயர் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பஞ்சர் கடைக் காற்றில் ஊதினேன். இதற்கெல்லாம் ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் காலையில் உதைத்தேன், நாலாவது அடியில் பிடித்தது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வந்து அடங்கியது. என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தார். அந்தச் சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் நின்று கேட்டோம்.

எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு சக்கர பேரிங்கும் முன் பிரேக் ஷூவும் போயின, அதையும் வெள்ளத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். எனக்கு அப்போது தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான், அதில் வெள்ளத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழு இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து அதனால் இன்ஜின் போனால், தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருந்தால் ஒழிய, பொதுவாகத் தரமாட்டார்கள். தொடாமல் போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, வேன் வைத்து ஏற்றிப் போவதுதான் பாதுகாப்பு.

வீட்டில் 2021-இல் மனைவிக்கு வாங்கிய பிஎஸ் 6 ஸ்கூட்டரும் இருக்கிறது. அதில் கார்பரேட்டர் கிடையாது, பம்ப் வைத்து பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன். அதன் மழை நோய்கள் வேறு. ஒரு நாள் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்றுகூட வரவில்லை. பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும், அந்த பிரேக் லிவர் சுவிட்சில் தண்ணீர் புகுந்திருந்தது. பின்னால் சிவப்பு லைட் எரியவில்லை என்பதை வைத்துக் கண்டுபிடித்தோம், காற்று ஊதியதும் சரியானது. செல்ஃப் சுற்றவே இல்லையென்றால் சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி, சைடு ஸ்டாண்டு பக்கம் பார்க்க வேண்டும். சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் பிளக், பெட்ரோல் பக்கம். சாவி போட்டதும் டேங்க் பக்கமிருந்து 'உய்ய்' என்று இரண்டு மூன்று வினாடி பம்ப் சத்தம் வருகிறதா என்றும் கேட்க வேண்டும். இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றால் பெல்ட் அறைக்குள் தண்ணீர்.

மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரில், வானிலை எச்சரிக்கை வந்த அன்றே இரண்டு வண்டியையும் மேட்டுத் தெருவில் ஒரு நண்பர் வீட்டுப் போர்டிகோவில் ஏற்றிவிட்டேன். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்துவதைச் சிலர் குறை சொல்கிறார்கள். ஒரு தடவை மூழ்கிய வண்டியைக் கழற்றிக் காயவைத்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இந்த வருஷத்துக்கான வேலை முக்கால்வாசி முடிந்தது. துளைகள் இரண்டையும் குத்தியாயிற்று, பேட்டரி முனைகளில் வாசலின் தடவியாயிற்று, புது பிளக் ஒன்றும் பிளக் ஸ்பேனரும் பழைய பனியன் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் மட்டும் தாம்பரத்தில் மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. மாடல் பழையதாகிவிட்டது. வரும் சனிக்கிழமை பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகிறேன், பழைய வாஷரைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு.