பி.டி. செட் விமர்சனம்: ஒற்றை அறையா, இரட்டை அறையா?

ரத்தம் ஏற்றும் பி.டி. (பிளட் டிரான்ஸ்ஃபியூஷன்) செட்டும் சலைன் ஏற்றும் சாதாரண ஐ.வி. செட்டும் கவருக்குள் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். துளி விழும் சிறு அறையான டிரிப் சேம்பருக்குள் இருக்கும் வலைதான் வித்தியாசம். 170 முதல் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை துளையுள்ள அந்த ஃபில்டர், சேமிப்பின்போது பேக்கில் உருவாகும் சிறு கட்டிகளைத் தடுத்து நிறுத்துகிறது. பிளாஸ்மாவுக்கும் பிளேட்லெட்டுக்கும்கூட இது அவசியம். வெள்ளணுக்களை இது பிடிக்காது, அதற்கு லூகோசைட் ஃபில்டர் தனியாக வேண்டும்.

சந்தையில் ஒற்றை அறை, இரட்டை அறை என இரண்டு வகை கிடைக்கின்றன. எங்கள் தேர்வு இரட்டை அறைதான். மேல் அறையில் ஃபில்டர், கீழ் அறையில் துளி. மேலறையை முழுவதும், கீழறையைப் பாதியளவும் நிரப்பிவிட்டால் துளி தெளிவாகத் தெரியும், எண்ணுவதில் சிக்கல் இல்லை. ஒற்றை அறையில் ஃபில்டர் முழுவதும் மூழ்கும்வரை சேம்பரை அழுத்தி நிரப்ப வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வலையின் ஒரு பகுதி வெளியே தெரிந்தால் மூழ்கிய பகுதி மட்டுமே வேலை செய்யும். அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஓட்டமும் குறையும். துளி காய்ந்த வலைமேல் விழுந்தால் சிவப்பணுக்களும் சேதமாகலாம்.

பேக்கில் குத்தும் மேல்முனையான ஸ்பைக் கூர்மையாக இருப்பது நல்லதுதான், ஆனால் தொங்கும் பேக்கில் குத்தக் கூடாது. பேக்கைத் தட்டையாக வைத்து, ஸ்பைக் நுழையும் வாயான போர்ட்டை விரல்களால் பிடித்து, திருகியபடி உள்ளே செலுத்துங்கள். சாய்வாகப் போனால் போர்ட்டின் சுவர் கிழிந்து, அந்த யூனிட்டே வீணாகிவிடும். பேக் தானாகச் சுருங்கும் என்பதால் ஏர் வென்ட் (காற்று நுழையும் துளை) உள்ள செட்டானால் அதன் மூடியைத் திறக்க வேண்டாம்.

பெரும்பாலான பி.டி. செட்களில் 20 துளி 1 மில்லி. கவரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 300 மில்லி சிவப்பணுவை 3 மணி நேரத்தில் ஏற்றுவதானால், முதல் 15 நிமிடம் நிமிடத்துக்கு 20 துளி. அதுவரை நோயாளியின் அருகிலேயே இருந்து, எதுவும் மாறவில்லை என்றால் 35 துளிக்கு உயர்த்தலாம். இதற்குத்தான் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலர் கிளாம்ப் தரமாக இருக்க வேண்டும். வைத்த இடத்தில் நிற்காமல் நழுவும் கிளாம்ப் இருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அந்த செட்டை வாங்க வேண்டாம். பேக்கில் ஸ்பைக் குத்தியது முதல் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குமேல் அறை வெப்பத்தில் கிருமி பெருகும் ஆபத்து கூடுகிறது.

கீழ்முனைக்கு அருகில் இருக்கும் ரப்பர் பல்ப் ஊசி போடத் தூண்டும். போடாதீர்கள். ரத்தம் ஓடும் குழாயில் 0.9 சதவீத சலைன் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) சிவப்பணுக்களை உடைக்கும், ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் திரவத்தில் உள்ள கால்சியம் குழாயிலேயே ரத்தத்தை உறைய வைக்கலாம்.

சிவப்பணு ஓடிய செட்டில் பிளேட்லெட்டை ஏற்றக் கூடாது, புது செட் போடுங்கள். பழைய வலையில் தங்கிய துகள்களில் பிளேட்லெட்டுகள் சிக்கிக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல ஃபில்டரும் தவறான நபருக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தாது. படுக்கையருகே இருவர் சேர்ந்து நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்ல வைத்து, கைப்பட்டை, பேக் எண், ரத்தப் பிரிவு, காலாவதித் தேதி எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும்.

நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் எதுவானாலும் கிளாம்பை உடனே மூடி, மருத்துவரை அழையுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் ரத்தத்தை உள்ளே தள்ளாமல், செட்டைக் கேனுலாவிலிருந்து (நோயாளியின் ரத்தக்குழாயில் செருகியிருக்கும் சிறு குழாய்) கழற்றிவிட்டுப் புது செட்டில் சலைன் தொடங்குங்கள். கழற்றிய செட்டைக் குப்பையில் போடாமல் பேக்கோடு சேர்த்து ரத்த வங்கிக்கு அனுப்புங்கள்.