உணர்ச்சியைக் கணிக்க எது மேல்: எழுத்தா, உடல்மொழியா?

மனிதர்களின் உணர்ச்சியைக் கணினிக்குப் புரியவைக்க இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, எழுதியதைப் படிப்பது. மற்றொன்று, கேமரா வழியாக உடலைப் பார்ப்பது. என் ஓட்டு எழுத்துக்குத்தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் உடல்மொழியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எழுத்தில் பழைய முறை, எந்தச் சொல் நல்லது, எது கெட்டது என்று குறித்துவைத்த சொல் பட்டியல். "நல்லா வேலை பார்க்கிறீங்க, மூணு நாளா காத்திருக்கேன்" என்று ஒரு புகார் வந்தால், 'நல்லா'வைப் பார்த்ததுமே பட்டியல் அதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்துவிடும். ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய இன்றைய மொழி மாதிரிகள் (language models) வாக்கியத்தை முழுதாக எடுத்துக்கொள்வதால் குத்தலைப் பெரும்பாலும் பிடித்துவிடுகின்றன. முதல் பாதி மட்டும் வந்தால் அவையும் தடுமாறும். சரி, அப்போது நாமும்தான் தடுமாறுவோம்.

உடல்மொழிக்கு வருவோம். ஓப்பன்போஸ் போன்ற மென்பொருள் காணொளியில் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று குறித்துக்கொண்டே போய், ஓர் ஆளை 25 புள்ளிகளாகச் சுருக்கிவிடும். இதுவரை வேலை கச்சிதம். சிக்கல் அதற்கப்புறம்தான். கைகட்டி நிற்பவர் கோபத்தில் இருக்கலாம், அவருக்குக் குளிரலாம், அப்படி நிற்பதே அவர் பழக்கமாகவும் இருக்கலாம். புள்ளிகள் மட்டும் மூன்றுக்கும் ஒன்றுதான். முகமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டின் குழு 2019-இல் வெளியிட்ட விரிவான ஆய்வுத் தொகுப்பின்படி, கோபம் வரும்போது மனிதர்கள் முகம் சுளிப்பது சுமார் 30 சதவீத நேரங்களில்தான். மைக்ரோசாஃப்டும் தன் முகமறியும் சேவையிலிருந்து உணர்ச்சி கணிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக 2022-இல் அறிவித்துவிட்டது.

"பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் பங்கு, மீதியெல்லாம் குரலும் உடலும்" என்று உடல்மொழிக் கட்சிக்காரர்கள் அடிக்கடி எடுத்துவிடுவார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் நடத்திய சோதனைகளிலிருந்து பிறந்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களை வைத்து, விருப்பு வெறுப்பை மட்டும் அளந்த சோதனைகள். எல்லாப் பேச்சுக்கும் அதைப் பொருத்துவது அபத்தம்.

உடல் ஜெயிக்கும் அந்த ஓர் இடம், உணர்ச்சியின் உச்சம். டென்னிஸ் வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற நொடியிலும் தோற்ற நொடியிலும் எடுத்த படங்களை வைத்து 2012-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. முகத்தை மட்டும் காட்டியபோது யார் வென்றவர் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. முகத்தை நீக்கி உடலை மட்டும் காட்டியபோது சொல்லிவிட்டார்கள். அந்த நொடியில் யாரும் எதையும் எழுதிக்கொண்டிருக்கப் போவதில்லை என்பதால் எழுத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. கூகுள் 2020-இல் வெளியிட்ட கோஎமோஷன்ஸ் என்ற தரவுத் தொகுப்பில், ரெடிட் என்ற இணைய மன்றத்தின் சுமார் 58,000 கருத்துகளுக்கு 27 வகை உணர்ச்சிகளில் முத்திரை குத்தினார்கள். குத்தியவர்கள் அந்தக் கருத்துகளைப் படித்துப் பார்த்த வேறு ஆட்கள், எழுதியவர்கள் அல்ல. உடல்மொழித் தரவுகளிலும் பெரும்பாலும் இதே கதை. ஆக, கணினி கற்பது ஒருவரின் மனதையல்ல, அவரைப் பற்றி அடுத்தவர் போட்ட ஊகத்தை.

சட்டமும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் முகம், அசைவு போன்ற உடல்சார் தரவிலிருந்து உணர்ச்சியைக் கணிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. வெறும் எழுத்து அந்தத் தடைக்குள் வரவில்லை. நான் எழுத்தின் பக்கம் நிற்பவன்தான், ஆனாலும் ஊழியர்களின் மின்னஞ்சலை அலசி மனநிலை மதிப்பெண் போடும் மென்பொருளுக்கு இப்படி வழிவிட்டது எனக்கு உறுத்துகிறது.