900 ஊற்றினால் 550 வருகிறது: 2005 ஸ்பிளெண்டரும் எஞ்சின் ஆயிலும்

பழைய ஆயிலை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடித்து அளந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. ஊற்றியது 900 மில்லி. 2,500 கிலோமீட்டர் ஓடியபின் இறக்கினால் 550 மில்லிதான் வந்தது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. மீதி 350 மில்லியும் சைலன்ஸர் வழியாகப் புகையாகப் போயிருக்கிறது. இது நடந்தது 2019-இல். அதற்கு முந்தைய ஆறு வருஷமும் எந்தக் கம்பெனி ஆயில் நல்லது என்று கடைகடையாக விசாரித்துக்கொண்டிருந்தேனே தவிர, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

வண்டி அப்பா 2005-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ், 97.2 சிசி. 2013-இல் என் கைக்கு வந்தது. ஈரோட்டிலிருந்து பெருந்துறைக்கு வேலைக்குப் போய்வர தினமும் சுமார் நாற்பது கிலோமீட்டர். பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. மீட்டர் கேபிள் இரண்டு முறை அறுந்து மாதக்கணக்கில் அப்படியே ஓட்டியதால் மொத்தக் கிலோமீட்டர் எவ்வளவு என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன ஆயில் 10W-30 (கெட்டித்தன்மையின் கிரேடு), ஏபிஐ எஸ்ஜே (தரக் குறியீடு), ஜாசோ எம்ஏ (பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற குறியீடு). 6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நடுவில் 3,000-இல் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றி டாப் அப் செய்ய வேண்டும். 6,000 எல்லோருக்கும் தெரியும். டாப் அப் என்ற வார்த்தையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. புது எஞ்சினில் அது பெரிய விஷயமும் இல்லை. பெட்ரோல் எரியும் இடத்துக்குள் ஆயில் புகாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கும் வால்வு சீலும் தேய்ந்த எஞ்சினுக்கு அதுதான் உயிர். மொத்தமே 900 மில்லி. அதை நம்பித்தான் பிஸ்டன், கியர், கிளட்ச் எல்லாமே ஓடுகின்றன. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனால் மிச்சம் இருப்பது சீக்கிரம் சூடேறி சீக்கிரம் கெடும்.

அளந்து பார்த்ததைச் சொன்னதும் எங்கள் மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "போர் பண்ணோணுங்க தம்பி. இப்போதைக்கு 20W-40 போட்டு ஓட்டுங்க." போர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது. கம்பெனி சொன்னதை மீறலாமா என்று எனக்குத் தயக்கம். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 20W ஆயிலின் குளிர்ச் சோதனையே மைனஸ் 15 டிகிரியில் நடக்கிறது, 10W-க்கு மைனஸ் 25. ஈரோட்டு மார்கழிக்கு இரண்டுமே அதிகம். பின்னால் உள்ள எண்தான் நமக்கு வேண்டியது. 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை. சூட்டிலும் கொஞ்சம் கெட்டியாக நிற்கும். தேய்ந்த ரிங் இடைவெளிக்கு அது தோது.

போட்டுப் பார்த்தேன். அதே 2,500 கிலோமீட்டருக்கு 350 குறைந்த இடத்தில் இப்போது 200 சொச்சம்தான் குறைகிறது. காலையில் முதல் கிக் சற்றுக் கனமாக இருக்கிறது, மைலேஜ் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இறங்கியிருக்கலாம். வால்வு இடைவெளியில் எழும் டேப்பட் சத்தம் குறையவே இல்லை. அதற்கு டேப்பட்டைத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. எஞ்சின் நன்றாக இருக்கிற ஸ்பிளெண்டருக்கு நான் 10W-30-ஐத்தான் சொல்வேன்.

நடுவில் ஒரு கிறுக்குத்தனமும் செய்தேன். 2016-இல் மாமாவின் காருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த 5W-30-ஐ, விலை உயர்ந்த ஆயிலாயிற்றே என்று இதில் ஊற்றிவிட்டேன். சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஞாயிறு வீட்டுக்காரியுடன் சென்னிமலை மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. முருகன் மேல் பாரத்தைப் போட்டு முதல் கியரிலேயே மேலே போய்ச் சேர்ந்தோம். பைக்கில் கிளட்ச் பிளேட் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காகச் சில கார் ஆயில்களில் வழுக்கலுக்கென்று ஒரு சேர்மானம் உண்டு. அது பிளேட்டையும் வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று பார்ப்பது இதற்குத்தான். எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

ஃபுல் சிந்தடிக்கும் ஒருமுறை போட்டேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் குடிக்கிற வண்டிக்கு இரண்டு பங்கு விலையில் ஆயில் ஊற்றினால் இரண்டு பங்கு விலையில் புகை வரும், அவ்வளவுதான்.

இப்போது நானே மாற்றுகிறேன். காரணம் ஒரு கடையில் பட்ட பாடு. டிரெயின் போல்ட்டை நீளமான பைப் போட்டு முறுக்கி மரையைக் கழற்றிவிட்டார்கள். எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. லேத் பட்டறையில் புஷ் வைத்து சரிசெய்ய ஒரு நாள் லீவு போயிற்று. அன்றிலிருந்து ஸ்பேனரை நடுவில் பிடித்து, கைக்கு இறுகியதும் நிறுத்திவிடுவேன். வாஷர் ஒவ்வொரு முறையும் புதுசு.

ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, மேலே ஆயில் மூடியையும் கழற்றிவிட்டுப் போல்ட்டை எடுத்தால் கடகடவென்று இறங்கும். கால் மணி நேரம் அப்படியே விட வேண்டும். அளவு பார்க்கும்போது ஒரு விஷயம்: மூடியோடு இருக்கும் கேஜைத் துடைத்து உள்ளே சும்மா வைத்து எடுக்க வேண்டும், திருகக்கூடாது. திருகினால் கேஜ் ஆழமாகப் போய் ஆயில் அதிகமாக இருப்பதுபோல் காட்டும். நான் ஒரு வருஷம் திருகித்தான் பார்த்தேன்.

என்னால் முடியாதது சென்ட்ரிஃபியூகல் ஃபில்டர். ஸ்பிளெண்டரில் மாற்றுகிற காகித ஃபில்டர் கிடையாது. கிராங்கோடு சுற்றும் ஒரு கிண்ணம்தான், சுழலும் வேகத்தில் தூளையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து வைத்துக்கொள்ளும். வலப்பக்கக் கவரைக் கழற்றி, பேக்கிங் மாற்றி, ஸ்டிரெய்னர் வலையையும் அதோடு கழுவ வேண்டும். 2019-இல் திறந்தபோது கிண்ணத்தின் ஓரமெங்கும் களிமண் மாதிரி கறுப்பாக அப்பியிருந்தது. அதுவரை யாரும் திறந்ததேயில்லை என்றார் அண்ணன்.

ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றுவதில்லை. கரியைத் தன்னில் கரைத்து வைத்திருப்பது அதன் வேலை, பழைய எஞ்சினில் ஐந்நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும். காபி நிறத்தில் வெளுத்திருந்தால்தான் பயப்பட வேண்டும், தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். காலி டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஆணியால் நாலு ஓட்டை போட்டுவிடுவேன். அது போலி ஆயிலால் மறுபடி நிரம்பி எந்தக் கடை அலமாரிக்குப் போகுமோ!

ஞாயிறு காலை கேஜைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சைடு கவரின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் தேதியும் ஊற்றிய மில்லியும் எழுதி வைக்கிறேன். மாற்றுவது 2,500-க்கு ஒருமுறை, நடுவில் நூறோ நூற்றைம்பதோ ஊற்றுவது தனி. இதே 2,500-க்குள் குறைவது திரும்பவும் 300-ஐத் தாண்டினால் போர் வேலைக்கு இறக்கிவிடுவதாக அண்ணனிடம் பேசி வைத்திருக்கிறேன். போன வாரக் கணக்கு வரை 240.