கிறைஸ்ட்சர்ச் அட்டைப் பேராலயம்: துக்கத்தோடு போகத் தக்க இடம்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குச் சுற்றுலா வருகிறவர்களில் பலர், அட்டைக் குழாய்களால் கட்டிய தேவாலயம் என்ற புதுமைக்காகவே இந்தப் பேராலயத்துக்குள் நுழைந்து, சில படங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 2011 நிலநடுக்கத்தில் மாண்டவர்களை நினைத்து அழவும் ஜெபிக்கவும் அந்த நகரில் இதைவிடப் பொருத்தமான கூரை இல்லை என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று பகல் 12.51 மணிக்கு நிலம் அதிர்ந்தது. 2010 செப்டம்பரில் 7.1 அளவில் வந்த அதிர்ச்சி உயிர்களை விட்டுவைத்திருந்தது. பிப்ரவரியில் வந்ததோ 6.2 அளவுதான் என்றாலும், நகரை ஒட்டி, பூமிக்கடியில் அதிக ஆழமில்லாத இடத்தில் உண்டானதால் 185 பேரைப் பலிகொண்டது. அவர்களில் 115 பேர் சிடிவி என்ற ஒரே கட்டடத்தின் இடிபாடுகளில் இறந்தார்கள். ஆங்கிலம் கற்க ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்திருந்த இளம் மாணவர்கள் பலரும் அங்கேதான் இருந்தார்கள். நகரின் நடுவே நின்ற ஆங்கிலிக்கன் கற்பேராலயத்தின் கோபுரமும் அன்று சரிந்து விழுந்தது.

அதற்கு மாற்றாக, லாட்டிமர் சதுக்கத்தில், நிலநடுக்கத்தால் இடிக்கப்பட்ட மற்றொரு தேவாலயம் இருந்த மனையில், 2013இல் இந்த ஆலயம் திறக்கப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் இதைக் கட்டணம் வாங்காமல் வடிவமைத்துக் கொடுத்தார். 1995ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த கத்தோலிக்கச் சபைக்கும் அவர் காகிதக் குழாய்களால் ஓர் ஆலயம் கட்டினார். பத்தாண்டுகள் பயன்பட்ட பிறகு அது பிரிக்கப்பட்டு, 1999இல் நிலநடுக்கத்தைச் சந்தித்த தைவானுக்கு அனுப்பப்பட்டு, மறுபடியும் எழுப்பப்பட்டது. ஒரு ஊரின் துக்கத்துக்கு உதவிய ஆலயம் இன்னொரு ஊரின் துக்கத்துக்கும் உதவியது என்பதை அறிந்துகொண்டு உள்ளே போகிறவருக்கு, இந்தக் குழாய்கள் வெறும் புதுமையாகத் தோன்றாது.

வெளியிலிருந்து பார்க்கும்போது பெரிய கூடாரம் போல மிக எளிமையாகத்தான் இருக்கிறது. பேராலயம் என்ற சொல்லைக் கேட்டு வருகிறவர்கள் வாசலில் ஏமாற்றம் அடையலாம். உள்ளே சென்றதும் பார்வை தானாகவே மேலே போகிறது. இருபுறமும் சாய்ந்து உச்சியில் சேரும் 98 குழாய்களுக்கு நடுவே சிறு இடைவெளிகள் விடப்பட்டிருப்பதால், பாலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் கூரையைக் கடந்துவரும் வெளிச்சம் கோடு கோடாக இறங்குகிறது. வாசலுக்கு மேலே உள்ள முக்கோண வண்ணக் கண்ணாடிகளில், உடைந்த பழைய ஆலயத்தின் ரோஜா ஜன்னல் என்ற வட்டக் கண்ணாடி ஜன்னலில் இருந்த உருவங்கள் இடம்பெற்றிருக்கின்றன. பக்கச் சுவர்களாக நிற்பவை கப்பலில் சரக்கு ஏற்றும் கண்டெய்னர்கள். அட்டை மட்டுமே பாரத்தைத் தாங்குவதாக நினைக்க வேண்டாம். வலுவுக்காகக் குழாய்களுக்குள் மரச்சட்டங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கு இந்த ஆலயம் பதில் சொல்ல முயலவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். நிலநடுக்கத்தைக் கர்த்தருடைய தண்டனை என்று சொல்லும் பிரசங்கத்தை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. எலியா தீர்க்கதரிசி மலையின்மேல் நின்றபோது பூமி அதிர்ச்சியில் கர்த்தர் இருக்கவில்லை என்றுதான் வேதமும் சொல்கிறது. இடிந்த ஊரின் நடுவே, ஐம்பது ஆண்டுகளே நிற்கும் என்று தெரிந்தும் ஒரு சபை எளிய பொருள்களால் கூரை போட்டு ஆராதனையைத் தொடர்ந்ததை, கலக்கத்தின் நடுவிலும் கைவிடாத விசுவாசமாகவே நான் பார்க்கிறேன். கற்பேராலயத்தின் சீரமைப்புப் பணிகள் 2024இல் பணப் பற்றாக்குறையால் நிறுத்திவைக்கப்பட்டபோது, இந்தத் தற்காலிகக் கூரையின் அருமை இன்னும் கூடியது.

குறை என்று சொன்னால், கூடம் முழுவதும் ஒரே பார்வையில் விரிந்து கிடக்கிறது. பயணிகள் வருவதும் போவதுமாக இருக்கும் நேரத்தில், கண்ணீரோடு முழங்காலில் நிற்க விரும்புகிறவருக்குத் தனிமை கிடைப்பது கடினம். கச்சேரிகளும் வேறு நிகழ்ச்சிகளும் இங்கே நடப்பதால், முன்கூட்டியே விசாரித்துவிட்டு, முடிந்தால் ஆராதனை வேளையில் செல்வது நல்லது.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், சிடிவி கட்டடம் இருந்த இடத்துக்கும், நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து ஏவன் ஆற்றங்கரையில் 2017இல் திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சுவருக்கும் நடந்தே போகலாம். நினைவுச் சுவரை முதலில் பார்த்துவிட்டு, அங்கே வாசித்த பெயர்களை மனதில் ஏந்தி ஆலயத்துக்கு வருமாறு நான் சொல்வேன். பிப்ரவரி 22 அன்று நகரில் இருப்பவர்கள் ஆற்றங்கரை நினைவுக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். அன்று மக்கள் ஆற்றில் மலர்களை விடுவார்கள். பேராலயத்தைப் பார்க்க நுழைவுச்சீட்டு தேவையில்லை. பராமரிப்புச் செலவுக்கு உங்களால் இயன்ற காணிக்கையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.